சிவப்புப் பொத்தான்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மங்களத்தின் கண்களுக்குள் மணல் உறுத்தத் தொடங்கிவிடும். யாரிடமும் போய்ச் சொல்லும்படியான வலி இல்லை அது. இமைக்குள்ளே தங்கிவிட்ட ஒரு களைப்பு. அப்போது அவள் நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுத்து, சன்னலுக்கு வெளியே ஈப்போ நகரத்துச் சுண்ணாம்பு மலைகளைச் சற்று நேரம் பார்ப்பாள். சில நாள் மலையின் விளிம்பு இரண்டாகத் தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் குனிந்துவிடுவாள். மலை இரண்டாகத் தெரிவதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கண் கெட்டுப்போனவள் என்று தெரிந்தால் இந்த வேலையும் போய்விடும்.

முந்தைய வேலை போனது எண்பத்தைந்தில், போன ஆண்டு. சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சின்ன வயதிலேயே ஈப்போவுக்கு வந்தவள், வந்த நாள் முதல் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் நுண்ணோக்கிக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். அரிசி நொய் அளவுள்ள சில்லில் முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை ஒட்டும் வேலை. கம்பி எங்காவது அறுந்திருந்தால் உடனே ஒட்டிவிட வேண்டும். கவனிக்காமல் விட்டால் மேற்பார்வையாளர் அந்தத் தட்டில் சிவப்புத் தாளை ஒட்டி, அவளுடைய எண்ணை எழுதி, வாசலில் கொண்டுபோய் வைத்துவிடுவார். வேலை முடிந்த பெண்கள் அத்தனை பேரும் அந்தத் தட்டைத் தாண்டித்தான் பஸ் ஏற வேண்டும். மங்களத்தின் தட்டு வாசலுக்குப் போனது எப்போதாவதுதான். ஆனால் அந்த வெட்கத்தை அவள் கை மறக்கவே இல்லை.

பிறகு உலகத்தில் எங்கேயோ வியாபாரம் படுத்துவிட்டது என்று சொல்லிப் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பப்பட்டவர்களில் மங்களமும் ஒருத்தி. நுண்ணோக்கி பார்த்துப் பழகிய பெண் தேவை என்று டாக்டர் நாச்சியப்பன் கல்லுமலைக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார். கும்பிட வந்த இடத்தில் அதைப் படித்தவள், முருகனே எழுதிப் போட்டதுபோல நினைத்துக்கொண்டு மறுநாளே அவருடைய கிளினிக்குக்குப் போனாள்.

டாக்டர் செட்டியார் வீட்டுப் பிள்ளை. குடும்பத்தில் மற்றவர்கள் வியாபாரத்தைப் பார்க்க, அவர் இங்கிலாந்துக்குப் போய் நரம்பு வைத்தியம் படித்துவிட்டு வந்தவர். கிளினிக்கின் பின்புறத்து அறையை ஆராய்ச்சிக்கு ஒதுக்கியிருந்தார். தோட்டங்களில் முதுகில் பம்பு சுமந்து களைக்கு மருந்து அடிக்கிற பெண்கள் கை நடுங்கி, கால் மரத்து அவரிடம் வந்துகொண்டிருந்தார்கள். வயசு, தூக்கக் குறைவு, நடிப்பு என்று தோட்டத்து நிர்வாகங்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லின. மருந்து நரம்பைக் கெடுக்கிறது என்று காட்டினால் அந்தப் பெண்களை வேறு வேலைக்கு மாற்றுகிறோம், காட்ட முடியாவிட்டால் இந்தப் பேச்சை விட்டுவிட வேண்டும் என்று தோட்ட முதலாளிமார் குழு அவரிடம் சொல்லியிருந்தது. அதனால் அவர் எலிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து வளர்த்தார். ஒரு கூட்டத்தின் தோலில் மட்டும் மாதக்கணக்கில் அந்த மருந்து பட்டது. பிறகு அவற்றின் மூளையை மெல்லிய துண்டுகளாகச் சீவி, சாயமேற்றி, கண்ணாடித் தகடுகளில் பதித்து வைத்தார்.

நுண்ணோக்கியில் பார்த்தால் மஞ்சள் வெளியில் கறுப்பாக ஒரு மரம் நிற்கும். ஒரே ஒரு நரம்பு அணு. அடியில் ஒரு முண்டு, அதற்கு மேல் விசிறிபோல விரிந்த கிளைகள், கிளையின் கிளைகள். நுண்ணோக்கியோடு பொருத்திய கண்ணாடி ஒன்று அந்த மரத்தையும் மேசைமேல் இருக்கும் பலகையையும் ஒரே பார்வையில் காட்டும். பலகைமேல் நகரும் சிறு கருவியின் நுனியில் ஒரு ஒளிப்புள்ளி எரியும். அந்தப் புள்ளியைக் கிளைமேல் வைத்து அது போகிற வழியெல்லாம் கையால் தொடர வேண்டும். கை போன பாதையைக் கம்ப்யூட்டர் பச்சைக் கோடாகத் திரையில் வாங்கிக்கொள்ளும். கருவியில் மூன்று பொத்தான்கள். கிளை பிரிந்தால் மஞ்சள், கிளை தானாக முடிந்தால் பச்சை, நடுவில் அறுந்து நின்றால் சிவப்பு. எல்லா மரமும் முடிந்த பிறகு எத்தனை கிளை, எவ்வளவு நீளம், எத்தனை அறுந்தவை என்று கம்ப்யூட்டர் கணக்குச் சொல்லும்.

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டது சாலா. டாக்டரின் அண்ணன் மகள், பல்கலைக்கழகம் முடித்துவிட்டு வந்தவள். பொத்தான்களின்மேல் வண்ணத் தாளை வெட்டி ஒட்டியது அவள்தான். முதல் நாள் சொல்லிக்கொடுத்தபோது, மங்களத்தின் கை நடுங்காமல் போகிற அழகைப் பார்த்து அசந்துபோனாள். மங்களம் வரைந்த முதல் மரத்தைப் பேனா பிடித்து வரையும் இயந்திரத்தில் போட்டுத் தாளில் எடுத்து, சுவரில் ஒட்டி வைத்தாள். நோயாளிகளுக்கு ஊசி போட்டுவிட்டு அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் டாக்டரும் அதைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போவார்.

மங்களத்துக்கு இந்த வேலையில் வேறொரு அக்கறையும் இருந்தது. அவளுடைய அக்கா இருளாயி தோட்டத்தில் மருந்து அடிக்கிறவள். கித்தா என்கிற ரப்பர் மரங்களை வெட்டி, எண்ணெய் எடுக்கிற செம்பனை நட்ட பிறகு பால் வெட்டிய பெண்களில் பலருக்குப் பம்புதான் கிடைத்தது. ஒன்றிரண்டு ஆண்டாக இருளாயியின் கை ஆடுகிறது. என் தங்கச்சிதான் கம்ப்யூட்டர்ல பாக்குறா, அவ கண்டுபிடிச்சிருவா என்று அவள் தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், மங்களம் கைப்பையை எடுத்துக்கொண்டு புறப்படும்போது சாலா திரையை விட்டுத் திரும்பினாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

“அக்கா, கணக்கு வந்துருச்சி.”

“என்னா வந்துச்சி?”

“ரெண்டும் ஒண்ணுதான். மருந்து பட்டதுக்கும் படாததுக்கும் வித்தியாசமே இல்லலா.”

டாக்டர் கதவருகே நின்றிருந்தார். காலையிலிருந்து நோயாளிகளைப் பார்த்த களைப்பில் தோள் தொங்கியிருந்தது. அவருக்குக் கோபம் இல்லை. தாமே தம்மைச் சந்தேகப்படுகிறவரின் குரலில் பேசினார்.

“கண்ணால பாத்தப்ப அறுந்த மாதிரிதான் இருந்துச்சு. நான் பாக்க ஆசப்பட்டதத்தான் பாத்திருக்கேன் போல. மெஷினுக்கு ஆசை கிடையாது.”

அவர் நேர்மையான மனிதர். இல்லாததை இருக்கிறது என்று எழுதுகிற வழக்கம் அவரிடம் இல்லை. ஒன்றும் காணவில்லை என்று குழுவுக்கு அன்றைக்கே தொலைபேசியில் சொல்லிவிட்டார், அறிக்கை பின்னால் வரும் என்றும் சொன்னார். அந்தப் பக்கத்தில் பேசியவர் மிகவும் மரியாதையாக நன்றி சொன்னாராம்.

மறுநாள் மங்களம் தோட்டத்துக்குப் போனாள். தாப்பாவில் பஸ் மாறி, சிலிம் ரிவரில் இறங்கி, மண் சாலையில் நடந்து வீடு சேர்ந்தபோது இருளாயி வாசலில் உட்கார்ந்து ஈயக் கோப்பையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். கோப்பை பாதிதான் நிரம்பியிருந்தது. நிறைய ஊற்றினால் சேலையில் சிந்திவிடும். எதிரில் மரக்கட்டைமேல் பிச்சைமுத்து உட்கார்ந்திருந்தார். மருந்து அடிக்கிற பெண்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் மண்டோர் அவர். பீப்பாயில் மருந்தைத் தண்ணீரோடு கலந்து தருவதும் அவர்தான். தன்னுடைய கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“பசியாறிட்டியா மங்களம்?” என்று கேட்டவர், இருளாயியின் பக்கம் தலையைச் சாய்த்தார். “ஒங்கக்கா கையப் பாத்தியா, சாமி வந்த மாதிரி ஆடுது. இந்த வருசத் திருவிழாவுக்கு கரகம் இவளுக்குத்தான்.”

“நீங்க உடுக்கை அடிங்கண்ணே, நான் ஆடுறேன்” என்றாள் இருளாயி. “வேலைக்காட்டுல ஒங்க சத்தத்துக்கு ஆடுனது பத்தல.”

மூவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் இருவரும் மங்களத்தைப் பார்த்தார்கள். சொல்லாமல் தப்பிக்க வழியில்லை. ஒன்றும் இல்லையாம் என்று மங்களம் அக்காவின் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பிச்சைமுத்து எழுந்து, வேலை இருக்கிறது என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

இருளாயி தன் வலது கையைத் தூக்கி, வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலத் திருப்பிப் பார்த்தாள்.

“கம்ப்யூட்டரே சொல்லிருச்சா? அப்ப என் கைதான் பொய் சொல்லுது.”

மங்களம் மீன் வாங்கி வந்து குழம்பு வைத்தாள், துணி துவைத்தாள், வீட்டைக் கூட்டினாள். அக்காவுக்குச் செய்ய முடிந்த வேலையையெல்லாம் தேடித் தேடிச் செய்தாள். பொழுது சாயும்போது இருளாயி படுக்கிற கொசு வலையைப் பார்த்தாள். அங்கங்கே கிழிந்திருந்தது. ஊசியில் நூல் கோக்க அக்காவால் முடியாமல் போய்ப் பல மாதம் ஆகியிருக்க வேண்டும். மங்களம் வலையை மடியில் போட்டுக்கொண்டு தைக்க உட்கார்ந்தாள். அறுந்த இழையின் ஒரு முனையை எடுத்து, எதிர்ப்பக்கத்து முனையோடு சேர்த்து, வலையின் கட்டம் மாறாமல் முடிந்துகொண்டே போனாள். கண் எரிந்தது. ஆனாலும் கை தானாகப் போயிற்று. எதை எதோடு சேர்க்க வேண்டும் என்று அவள் யோசிக்கக்கூட இல்லை.

இருளாயி வலையை விளக்குக்கு நேராகப் பிடித்துத் தடவிப் பார்த்தாள்.

“எங்க ஓட்ட இருந்துச்சின்னே தெரியலடி. நேத்து வரைக்கும் இந்த வழியாத்தான் கொசு பூந்து என்னைப் புடுங்குச்சி. இப்ப போய்ச் சொன்னா எவ நம்புவா?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மங்களத்தின் கையில் ஊசி அப்படியே நின்றது.

மஞ்சள் வெளியில் நின்ற கறுப்பு மரங்கள் ஒவ்வொன்றாக அவளுக்கு நினைவு வந்தன. ஒரு கிளை போய்க்கொண்டே இருக்கும், சட்டென்று நின்றுவிடும். ஒரு நூலிழை வெற்றிடம். அப்பால் அதே கிளையின் மிச்சம் மறுபடியும் தெரியும். அந்த வெற்றிடத்தின்மேல் ஒளிப்புள்ளியை அவள் நிறுத்தியதே இல்லை. கோட்டை இழுத்து அந்தப் பக்கத்தோடு சேர்த்துவிட்டுத்தான் மேலே போனாள். சிவப்புப் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாள் என்று நினைத்துப் பார்த்தாள். அழுத்தியதாகவே நினைவில்லை. அந்தப் பக்கம் விரல் போனாலே தொழிற்சாலை வாசலில் தட்டு ஏறுவதுபோல உள்ளே ஒன்று சுருங்கும். பச்சையில் விரல் வைத்தால்தான் மூச்சு வரும். யாரும் சொல்லிச் செய்ததில்லை. ஏமாற்ற நினைத்துச் செய்ததும் இல்லை. பல ஆண்டு பழகிய கை, அறுந்ததைப் பார்த்ததும் ஒட்டியது. அவ்வளவுதான். மருந்து பட்ட எலியின் நரம்பையும் அது ஒட்டிவிட்டது. அக்காவின் கையைப் பொய்யாக்கியது கம்ப்யூட்டர் இல்லை.

விளக்கேற்றி வைத்திருந்த மாரியம்மன் படத்துக்கு முன்னால் அவள் வெகுநேரம் நின்றாள். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

மறுநாள் திரும்பும் வழியில், சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன என்ற நினைப்பு பஸ்ஸோடு கூடவே வந்தது. சொன்னால் வேலை போகும். இனி எந்தத் தொழிற்சாலையும் இந்தக் கண்ணுக்கு வேலை கொடுக்காது. தாப்பாவில் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலாய் அம்மா ஒருவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் மடியில் இருந்த பீசாங் கோரேங், வாழைப்பழ பஜ்ஜிப் பொட்டலத்தைப் பிரித்து ஒன்றை நீட்டினார். மங்களம் வேண்டாம் என்றாள். அந்த அம்மா நீட்டிய கையை மடக்கவே இல்லை. வாங்கித் தின்றபோதுதான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதது தெரிந்தது. கடவுள் நமக்குத் துணிவு தர நினைத்தால் அதைத் தனியாகத் தருவதில்லை. ஒரு வாய்ப் பலகாரத்துக்குள் வைத்து, முன்பின் தெரியாத ஒருவர் கையில் கொடுத்து அனுப்புகிறார்.

திங்கட்கிழமை காலை சாலா வருவதற்கு முன்பே மங்களம் அறையைத் திறந்து, பழைய தகடு ஒன்றை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். இரண்டு கிளைகளைத் தொடர்ந்ததுமே போதும் என்று ஆகிவிட்டது. சாலா உள்ளே வந்து கைப்பையை மாட்டும் வரை காத்திருந்தாள்.

“சாலா, நான் ஒட்டிட்டேன்மா.”

“என்னா ஒட்டினீங்க?”

“எல்லாத்தையும்.”

சாலாவுக்குப் புரியவில்லை. மங்களம் அவளை நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லி, அதே மரத்தைத் திரையிலும் காட்டச் சொன்னாள். சாலா மாறி மாறிப் பார்த்தாள். கண்ணாடித் தகட்டில் அறுந்து கிடந்த கிளைகள் திரையில் ஒரு குறையும் இல்லாமல் நீண்டு போயின. மங்களம் தொழிற்சாலையைப் பற்றியும், தட்டைப் பற்றியும், சிவப்புத் தாளைப் பற்றியும் சொன்னாள். சாலா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“கடையில அந்த மூணு கலருதான் இருந்துச்சிக்கா” என்றாள் கடைசியில். “அறுந்தா அப்படியே வுடுங்கன்னு சொன்னேன். ஏன் வுடணும்னு சொல்லல. உங்க மரந்தான் அழகுன்னு செவுத்துல வேற ஒட்டி வச்சேன்.”

திட்டுவாள் என்று எதிர்பார்த்து வந்தவளுக்கு இந்தச் சொல் தாங்க முடியாததாக இருந்தது. அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. சாலா சுவரில் இருந்த மரத்தைக் கிழிக்காமல் மெதுவாக எடுத்து மேசைக்குள் வைத்தாள். பிறகு, சித்தப்பாவிடம் தானும் கூட வருவதாகச் சொன்னாள்.

டாக்டர் முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஒன்றும் இல்லை என்று சொல்லியாகிவிட்டது. இனி இருக்கிறது என்று சொன்னால், வரைந்த பெண்ணின் அக்காவே மருந்து அடிக்கிறவள் என்று குழுவில் யாராவது கட்டாயம் எடுத்துச் சொல்வார்கள். அதையெல்லாம் அவர் அலுப்போடு எண்ணிக்கொண்டிருப்பது முகத்தில் தெரிந்தது. எல்லாம் சொன்ன பிறகு மிச்சத்தையும் சொல்லிவிடலாம் என்று மங்களம் மலை இரண்டாகத் தெரிவதையும் சொன்னாள். நான் நின்றுவிடுகிறேன், சாலாவே முதலிலிருந்து வரையட்டும் என்றாள்.

டாக்டர் அவளை நோயாளி நாற்காலியில் உட்கார வைத்து, சிறிய விளக்கை அடித்து ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தார்.

“இது போற கண்ணு இல்லம்மா. ஓய்வு கேக்குற கண்ணு. இத்தனை வருசமா நீ குடுக்கல.”

மூக்குக் கண்ணாடிக்கு ஒரு சீட்டு எழுதினார். பிறகு சாலாவின் பக்கம் திரும்பி, எல்லாத் தகடுகளின் எண்களையும் பிளாஸ்திரி போட்டு மறைக்கச் சொன்னார். எது எந்தக் கூட்டம் என்று தம் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். அதே தகடுகளை இருவரும் தனித்தனியாக வரைய வேண்டும், இருவர் கணக்கும் ஒத்து வந்தால்தான் ஏற்பது என்றார்.

“நானுமா டாக்டர்? என் அக்கா…”

“நம்பரை மறைச்சிட்டா அந்தத் தகட்டுக்கு அக்கா யாரு தங்கச்சி யாருன்னு தெரியாது. உன்னை நிறுத்திட்டா, உண்மையைச் சொன்னவளுக்குக் கிடைச்சது இதுதான்னு ஆயிரும். அந்தப் பாவம் எனக்கு வேணாம்.”

மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்கள். மகிழ்ச்சியான வேலை இல்லை அது. முடித்த வேலையை மீண்டும் செய்வதுபோல மனிதரை அலுக்க வைப்பது வேறொன்றும் இல்லை. சாலா சிவப்புத் தாளைப் பிய்த்துவிட்டு அந்தப் பொத்தானில் வெள்ளைத் தாள் ஒட்டினாள். ஆனாலும் முதல் வாரம் மங்களத்தின் கை ஒவ்வொரு வெற்றிடத்திலும் அந்தப் பக்கம் தாவப் பார்த்தது. ஒவ்வொரு முறையும் அதைப் பிடித்து நிறுத்தி, அறுந்தது அறுந்ததுதான் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். சாலா அவ்வப்போது எழுந்து, மலையைப் பாருங்கக்கா என்பாள். இருவரும் சன்னலில் நின்று மலையைப் பார்ப்பார்கள். மூக்குக் கண்ணாடி வந்த பிறகு மலை ஒன்றாகத் தெரிந்தது. களைப்பு மட்டும் போகவில்லை.

மழைக்காலம் வந்தபோது வேலை முடிந்தது. இருவர் கணக்கும் பெரும்பாலும் ஒத்துப்போயின. டாக்டர் பிளாஸ்திரிகளை உரித்துத் தகடுகளை இரண்டாகப் பிரித்தார். சாலா கம்ப்யூட்டரிடம் கணக்குக் கேட்டாள். மருந்து பட்ட எலிகளின் மரங்கள் துண்டு துண்டாகக் கிடந்தன. மற்றவற்றில் அறுந்த கிளை அங்கொன்றும் இங்கொன்றும்தான். டாக்டர் சாலாவின் தலையில் ஒருமுறை கையை வைத்துவிட்டுக் காத்திருக்கும் நோயாளிகளிடம் போனார்.

குழு அதை எளிதில் ஏற்கவில்லை. முதலில் ஒன்று சொன்னீர்கள், இப்போது ஒன்று சொல்கிறீர்கள் என்றார்கள். வெளிநாட்டு நிபுணர் ஒருவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்வதாகச் சொன்னார்கள். எப்போது என்று சொல்லவில்லை. தவறு எங்கே நடந்தது என்பதை டாக்டர் மறைக்காமல் எழுதியிருந்தார். அந்தத் தவறு தம்முடையது என்று எழுதியிருந்தார். மங்களத்தின் பெயர் அதில் இல்லை.

தீபாவளிக்குத் தோட்டத்துக்குப் போனபோது மங்களம் இரண்டு தாள்களைச் சுருட்டி எடுத்துப் போனாள். பேனா பிடித்த இயந்திரம் வரைந்த இரண்டு மரங்கள். இருளாயிக்கு அவற்றைக் காட்ட வேண்டும், அக்கா உன் கை பொய் சொல்லவில்லை என்று சொல்ல வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. இருளாயி பார்த்தாள். முழு மரத்தைத் தள்ளி வைத்துவிட்டு மற்றதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாவம், எலி” என்றாள்.

அந்த நேரம் பிச்சைமுத்து பலகாரத் தட்டோடு வந்தார். என்ன தாள் என்று கேட்டார். மங்களம் நடந்ததையெல்லாம் சொன்னாள், குழு இன்னும் ஏற்கவில்லை என்பதையும் சேர்த்து. அவர் இரண்டு தாளையும் கையில் வாங்கினார்.

“இதுல எது மருந்து பட்டது?”

காட்டினாள். அவர் அதை மட்டும் ஒரு கையில் பிடித்தார். தாள் படபடவென்று அடித்துக்கொண்டது. காற்று இல்லை. மரத்தின் கிளைகளெல்லாம் அவர் கையோடு சேர்ந்து ஆடின. இருளாயி அதைப் பார்த்தாள். ஆண்டுக்கணக்காகத் தன்னைக் கேலி செய்த மனிதரைக் கேலி செய்ய அவளுக்கு இதைவிட நல்ல சமயம் வாய்த்திருக்காது. ஆனால் அவள் எழுந்து போய், கோப்பையில் பாதியளவு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் வைத்தாள். பாதிதான் ஊற்றினாள்.

பிச்சைமுத்து அந்தக் கோப்பையைப் பார்த்தார்.

“எனக்கு மூணு வருசமா இருக்கு” என்றார் மெல்ல. “மண்டோருக்குக் கை ஆடுதுன்னு தெரிஞ்சா தொரை வேற ஆளப் போட்டுருவாரு. அதான் ஒன்னையக் கேலி பேசி என் கைய மறச்சேன், இருளாயி.”

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாமா என்று மங்களத்திடம் கேட்டார். தோட்டத்து மேலாளரான துரையிடம் காட்டுவதற்கு இல்லை, தனக்கு என்றார்.

விடுமுறை முடிந்த முதல் விடியலில், பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்கு மங்களமும் அக்காவோடு போனாள். அங்கிருந்தே பஸ்ஸுக்குப் போகலாம் என்று பை கையில் இருந்தது. இன்னும் இருட்டு விலகவில்லை. பெண்கள் பம்புகளுக்குப் பக்கத்தில் தூக்கக் கலக்கத்தோடு நின்றார்கள். பிச்சைமுத்து வழக்கமான குரலில்தான் கூப்பிட்டார்.

“இருளாயி, உதிரிப் பழம் பொறுக்கப் போ. இனிமே வாரம் மாத்தி வாரம். யாரும் தொடந்து பம்பு தூக்க வேணாம். ரொம்பக் கை ஆடுறவ தூக்கவே வேணாம்.”

துரை கேட்டால் என்ன சொல்வது என்று பின்னால் நின்ற ஒருத்தி கேட்டாள்.

“தொரைக்கு வேல முடிஞ்சாச் சரி. நான் பேசிக்கிறேன்.”

அவர் அதை எப்படிப் பேசினாரோ, எத்தனை நாள் தாங்குமோ, மங்களத்துக்குத் தெரியாது. அன்றைக்கும் சில பெண்கள் பம்பை முதுகில் ஏற்றிக்கொண்டுதான் போனார்கள். நிபுணரின் பதில் அப்போதும் வந்திருக்கவில்லை. ஆனால் பெரியவர்கள் கையெழுத்துப் போட்டு அனுப்புகிற நீதி வரும்வரை, அருகில் இருக்கிற எளியவர்கள் ஒருவர் சுமையை ஒருவர் கொஞ்சம் மாற்றிப் பிடித்துக்கொள்கிறார்கள். இறைவன் அதைத்தான் முதலில் கணக்கில் எடுப்பான் என்று நான் நம்புகிறேன்.

பஸ்ஸுக்குப் போகிற வழியில் செம்பனை வரிசைகளுக்கு நடுவே இருளாயி தெரிந்தாள். குனிந்து சிவந்த பழங்களைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். கை ஆடியதில் ஒன்றிரண்டு நழுவிக் கீழே விழுந்தன. அவள் அவசரப்படாமல் மறுபடியும் எடுத்தாள். முதுகில் ஒன்றும் இல்லை.